கடைசி அரைமணி நேர உத்தி சொல்லித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சந்தை முடியும் நேரத்தில் பங்கை வாங்கி மறுநாள் காலை விற்பது எப்படி என்று நீங்கள் எடுக்கும் வகுப்புகளில் ஒன்றில் நானும் படித்தேன். சொல்லித் தந்தது பொய்யில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

"நாளின் உச்சத்தை ஒட்டி முடிகிற பங்கு, கூடவே வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) ஏறியிருக்க வேண்டும்" என்பது பாடம். ஆனால் கடைசி நேரத்தில் வால்யூம் ஏறுவது அன்றாடம் நடப்பதுதானே? சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு அன்றைய முடிவு விலையிலேயே வாங்கி விற்க வேண்டிய தேவை இருக்கிறது. இன்ட்ராடே, அதாவது வாங்கியதை அன்றே விற்றுவிடும் வியாபாரம் செய்கிறவர்கள், லாபமோ நஷ்டமோ கையில் இருப்பதை முடித்தாக வேண்டும். நாளை விலை ஏறும் என்று நம்பி இவர்கள் வாங்குவதில்லை. நியூயார்க் பங்குச் சந்தை மாலை 4 மணிக்கு முடிகிறது, 3.50 முதல், முடிவு விலையைத் தீர்மானிக்கும் முடிவு ஏலத்தில் வாங்கும் பக்கமா விற்கும் பக்கமா, எந்தப் பக்கம் ஆர்டர் மிஞ்சியிருக்கிறது என்ற விவரம் வெளியாகத் தொடங்கும். அதைப் பார்த்தே விலை சட்டென்று நகர்வதுண்டு. இப்படி உருவான பச்சை கேண்டிலையும் (சார்ட்டில் விலை ஏற்றத்தைக் காட்டும் பட்டை) "வலிமை" என்றே மாணவர் படித்துக்கொள்கிறார். அந்த வால்யூமை முந்தைய நாட்களின் இதே நேரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நடுப்பகல் வால்யூமோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பங்குகள் வலிமையாகத்தான் தெரியும்.

அடுத்தது ஸ்டாப் லாஸ், அதாவது விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர். எனக்கு அடி விழுந்தது இங்கேதான். 100க்கு வாங்கி 97இல் ஸ்டாப் லாஸ் வைத்தால் நஷ்டம் 3 என்று நம்பினேன். சந்தை மூடியிருக்கும்போது அந்த ஆர்டர் வேலை செய்யாது. காலையில் பங்கு 90இல் திறந்தால், 90ஐ ஒட்டித்தான் விற்கும். இரவு கையில் வைத்திருக்கும் பங்குக்கு எண்ணிக்கையைக் குறைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. நிறுவனத்தின் காலாண்டு முடிவு வரும் இரவில் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. இதை முதல் நாளே சொன்னால் என்ன?

அமெரிக்கப் பங்குகளின் நீண்டகால ஏற்றத்தில் பெரும்பகுதி இரவு நேரத்தில்தான் வந்திருக்கிறது என்பீர்கள். சரி, உண்மைதான். அந்த எண்ணத்தை வைத்தே நைட்ஷேர்ஸ் என்ற பெயரில் ஃபண்டுகள் 2022இல் வந்தன, 2023இலேயே மூடப்பட்டன. தினமும் வாங்கி விற்கும்போது தரகும் வரியும், ஒரே நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் அந்தச் சிறு லாபத்தைத் தின்றுவிடும். உத்தியைக் காட்டும் அதே பலகையில் இந்தக் கழித்தலையும் போடுங்கள்.

பிரேசிலில் ஃபியூச்சர்ஸ் (எதிர்கால விலைக்கான ஒப்பந்தங்கள்) டே டிரேடிங்கை 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களை ஆராய்ந்தபோது, 97 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். விடாமல் செய்தால் கைவந்துவிடும் என்று மாணவர்களிடம் சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் சேமிப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வகுப்பில், ஜெயித்த சார்ட்டுகளோடு உங்கள் கடைசி நூறு டிரேடுகளையும், தோற்றவை உட்பட, செலவு கழித்து வரிசையாகக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு மாணவர் முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்