நிதித்துறைப் பேராசிரியர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் எம்பிஏ மாணவர்களுக்கு நிதி மேலாண்மை கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கும் சின்ன அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பவர்டேபிள் (தையல் யூனிட்), நிட்டிங், பிரிண்டிங் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப்ஒர்க்காரர்கள். படிப்பு முடிந்ததும் உங்கள் மாணவர்கள் பயோடேட்டாவோடு வேலை கேட்டு வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். நிகர நிகழ்கால மதிப்பு போடுவார்கள், பீட்டா சொல்வார்கள், எக்செல்லில் என்னைவிட வேகம். நான் ஒரே ஒரு கணக்குத்தான் கேட்பேன் (பார்ட்டி என்றால் வேலை கொடுத்த கம்பெனி). "மூணு லட்சம் கூலி பில். பார்ட்டி தொண்ணூறு நாள் கழிச்சுத்தான் தருவார். அதுவரைக்கும் ஆளுகளுக்குச் சம்பளம் போட, அந்த மூணு லட்சத்தையும் மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கியாச்சு. பில்லில் எவ்வளவு போச்சு?"

பலர் 'மூணு ரூபாய் வட்டி'யிலேயே நின்றுவிடுகிறார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம் என்று சொன்ன அடுத்த நொடி விடை வந்துவிடும்: 27,000 ரூபாய். வங்கியில் 12 சதவீதத்துக்குக் கிடைத்திருந்தால் 9,000க்குள் முடிந்திருக்கும். கூலி வேலையில் மிஞ்சுவதே இப்படி வட்டியில் போகும் அளவுதான் என்பது பவர்டேபிள் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். இரண்டு வருடம் நிதி படித்த பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர நான் யார்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாணவர்கள் காட்டும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளையும் புரட்டிப் பார்ப்பேன். ஒன்று, பங்குச்சந்தையில் உள்ள ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையை இணையத்தில் இறக்கி விகிதங்கள் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், மியூச்சுவல் ஃபண்ட் பற்றி முதலீட்டாளர்களின் மனப்பாங்கு, 'கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சிறப்பாக முன்வைத்து'. ஒரு கேள்வித்தாள், ஒரு சதவீத அட்டவணை, ஒரு கை-வர்க்க (chi-square) புள்ளியியல் சோதனை. கடைசியில் விழிப்புணர்வு பெருக வேண்டும் என்று ஒரு பரிந்துரை. பிஎச்டி ஆய்வுகளிலும் இதே வாசனை அடிக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்த இதழில் எத்தனை கட்டுரை என்ற கணக்கு உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிக்கிறது என்பதும் தெரியும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாவட்டத்தின் பெயர் தலைப்பில் இருக்கிறதே, மாவட்டம் உள்ளே எங்கே என்பதுதான் என் கேள்வி.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் முதல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் நிறுவனங்கள் அதிக முதலோடு தொடங்குகின்றன, வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கி ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து முந்துகிறார்கள் என்பது அதன் சாரம். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போகிறது என்று இதற்குப் பொருள் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள் நம் ஊருக்கு வந்து கணக்கெடுத்துப் போட்ட கேள்வியை, அவிநாசி ரோட்டில் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் இங்கே இறங்கக்கூடியவர்கள் தொடராமல் விட்டதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆய்வு கிடக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கெடு வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஜாப்ஒர்க்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த லாட் வேலை வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அதனால் 2023 நிதிச் சட்டம் வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராமல் மார்ச் 31ஐத் தாண்டினால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. என்றைக்குத் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2023-24 கணக்கிலிருந்தே இது அமலுக்கு வந்தது.

முதல் மார்ச்சில் எங்கள் அலுவலகங்களில் நடந்த அமளியைச் சொல்லி மாளாது. குறு, சிறு நிறுவனம் என்று பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழ் கேட்டுப் பார்ட்டிகள் போன் மேல் போன். அந்தப் பதிவையே விட்டுவிடச் சொல்கிறார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. சரி, சட்டம் பலித்ததா? ஜூன் மாத பில்லைப் பிப்ரவரியில் கொடுத்தால் இந்தப் பிரிவு கண்டுகொள்ளாது, மார்ச் 31 அன்று நிலுவையில் இருப்பதுதான் மாட்டும். ஆக, வருடம் முழுவதும் நாள் குறைந்ததா, மார்ச்சில் மட்டும் பணம் கொட்டி ஏப்ரலில் பழைய குருடி கதவைத் திறடி ஆனதா? நடுத்தர நிறுவனங்களுக்கும் வியாபாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2025 ஏப்ரலில் சிறு நிறுவனத்தின் விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியானது, அப்படி நேற்றுவரை நடுத்தரமாக இருந்த சிலர் இன்று சிறு ஆகியிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முன், பின் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான களம் எங்கே கிடைக்கும்? தேவைப்படும் தகவல் பில் தேதியும் பணம் வந்த தேதியும்தான். இரண்டும் கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் இருக்கின்றன.

வகுப்புக்கும் சரக்கு இருக்கிறது. ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 5 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், மாதம் 25,000. மூன்றாம் மாதம் ஒருவர் 1,20,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். கமிஷன் 25,000 போக மிச்சத்தை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,750 கழிவு. எடுத்தவருக்கு விழுந்த வட்டி எவ்வளவு? மீதி 17 மாதமும் மற்றவர்கள் எவ்வளவு தள்ளுவார்கள் என்று தெரியாமல் முழு விடை வராது. உள் வருவாய் விகிதத்தை (IRR) இதை வைத்து நடத்திப் பாருங்கள், வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் சீட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

டெரிவேட்டிவ் பாடத்துக்கும் வெளியே போக வேண்டாம். 2007இல் டாலர் 39 ரூபாய்க்கு வந்தபோது இங்குள்ள ஏற்றுமதியாளர்கள் பலருக்கு நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தோடு கட்டிய சிக்கலான ஆப்ஷன் ஒப்பந்தங்களை வங்கிகள் விற்றன. வரவு டாலர், செலவு ரூபாய் என்றிருந்தவர்கள் சுவிஸ் ஃபிராங்க் எங்கே போகும் என்று பந்தயம் கட்டியதுபோல் ஆனது. 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியபோது பலருக்குத் தலையில் இடி. கோவையைச் சேர்ந்த ஒரு சர்க்கரை ஆலை இப்படி ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஒப்பந்தம் சூதாட்டம் அல்ல என்று அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆப்ஷனுக்கு விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபிராங்கையே கண்ணால் பார்க்காதவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்பதையும் கூடவே நடத்துங்கள்.

1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது பங்குதாரர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. 'பாதுகாப்பான உள்ளூர்ப் பங்கு' என்று வைத்திருந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்த கதையை நான் நினைவூட்ட வேண்டியதில்லை, பெருந்துறைப் பக்கம் போனால் அவர்களே சொல்வார்கள்.

கம்பெனிகள் கணக்கைக் காட்டுவதில்லை, மாணவர்களை வாசல் கேட்டோடு திருப்பி அனுப்புகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். எங்கள் பக்கத்துச் சந்தேக புத்தி லேசில் போகாது. கணக்கு வெளியே போனால் வரி அதிகாரிக்குப் போகும், போட்டியாளருக்குப் போகும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கேள்வித்தாளால் போக்க முடியாது. என்னைப்போன்ற கணக்காளர்கள் நடுவில் நின்றால் முடியும்.

என்னிடம் வரும் ஜாப்ஒர்க்காரர்களில் சம்மதிப்பவர்களின் பில் தேதி, பணம் வந்த தேதி, தொகை ஆகிய மூன்றையும் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் நீக்கித் தருகிறேன். தெரிந்த வரி ஆலோசகர்களிடமும் கேட்கிறேன். பார்ட்டிகளுக்கு அ, ஆ, இ என்று குறியீடு போட்டுக்கொள்ளலாம். உங்கள் பக்கத்திலிருந்து மூன்று காரியம் வேண்டும். தகவல் கல்லூரிக் கம்ப்யூட்டரைத் தாண்டாது என்று துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும். ஒரு பேட்ச்சோடு நின்றுவிடாமல் குறைந்தது மூன்று மார்ச் மாதங்களாவது தொடர வேண்டும். முடிவு எந்த ஆங்கில இதழில் வந்தாலும் சரி, தமிழில் நான்கு பக்கம் எழுதி, தகவல் தந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், திருப்பூரில் அன்றைக்கு யாரும் சிக்க மாட்டார்கள். மாதம் 20ஆம் தேதியை ஒட்டியும் வேண்டாம், அது எங்களுக்கு ரிட்டர்ன் நேரம். வேறு எந்த நாளென்றாலும் வாருங்கள், அப்புறம் மாணவர்களையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் வரி ஆலோசகர் ஒருவர்