ட்ரிப் சுவிச்சுக்குக் குறுக்கே வயர் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியோர ஊர்களில் வயரிங் வேலை செய்பவன் நான். மாரி தொடங்குமுன் சொல்லிவிட வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது.

படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை ஒன்றில் கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது என்று அண்மையில் என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று. ட்ரிப் சுவிச்சின் மேல் முனைகளிலிருந்து கீழ் முனைகளுக்கு யாரோ துண்டு வயர்கள் போட்டிருந்தார்கள். சுவிச் இருக்கிறது, ஆனால் வெட்டாது. "அது சும்மா சும்மா விழுந்தது அண்ணன், பற்றரி சார்ஜ் பண்ண ஏலாமக் கிடந்தது" என்றார் பக்கத்தில் நின்ற தம்பி.

சும்மா விழவில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி அம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். குறைந்த கரண்ட் எர்த் வயரில் போயிருக்கலாம், தண்ணீருக்குள்ளும் போயிருக்கலாம்.

அந்தத் துண்டு வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். எல்லாப் பிளக்கையும் கழற்றினோம், சுவிச் விழாமல் நின்றது. அப்படியும் விழுந்திருந்தால் பழுது துறையின் வயரிங்கில் என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு படகாகச் செருகிப் பார்த்ததில், ஒரு படகின் எக்ஸ்டென்ஷன் வயரில் பழுது பிடிபட்டது. நடுவில் ஒரு ஒட்டு, அதைச் சுற்றி டேப், அந்த டேப் தண்ணீரைத் தொட்டபடி கிடந்தது. சில இடங்களில் தனித்தனியாக எந்தப் படகும் விழுத்தாது, எல்லாம் சேர்ந்தால் விழும். சின்னச் சின்னக் கசிவுகள் கூடிப்போவதுதான் காரணம். அதற்கு ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ட்ரிப் சுவிச் போட வேண்டும்.

கரண்ட் அடிக்கடி போனதற்குக் காரணம் அங்கிருந்த 32 அம்பியர் பிரேக்கர் (கரண்ட் அளவுக்கு மீறினால் வெட்டும் சுவிச்); அதன் கதை வேறு. அதன் திருகு தளர்ந்து, செம்பில் பச்சை பூத்து, வயரின் உறை கருகியிருந்தது. உப்புக் காற்றில் இது வழமை. தளர்ந்த இடம் சூடாகும், அந்தச் சூட்டில் பிரேக்கர் விழும். பெரிய பிரேக்கராகப் போடச் சொன்னார்கள். போட்டால் பிரேக்கர் விழாமல் நிற்கும், வயர் எரியும்.

எனக்குப் பெரிய பயம் மாரியில்தான். வெள்ளம் வாவிக்குள் வரும்போது அதன் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். உப்புத் தண்ணீரில் கரண்ட் பெரும்பாலும் ஆளைச் சுற்றிப் போய்விடும். உப்பில்லாத நல்ல தண்ணீரைவிட மனித உடம்பு நன்றாகக் கடத்துவதால், அங்கே அது உடம்புக்குள்ளால் போகும். தசை இறுகிப்போக 30 மில்லி அம்பியர்கூடத் தேவையில்லை. எவ்வளவு நன்றாக நீந்துபவனும் கைகாலை அசைக்க முடியாமல் தாழ்ந்துவிடுவான். எங்கள் பிள்ளைகள் இந்தத் துறைகளிலிருந்துதான் குதித்து விளையாடுகிறார்கள்.

துறைகளை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாரிக்கு முன் ஒரு நாள் ஒதுக்கிப் படகு படகாகச் சோதியுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் சுவிச்சை மாற்றுங்கள். துறையருகே தண்ணீரில் யாராவது தத்தளித்தால், தயவுசெய்து பின்னால் குதிக்காதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள், பிறகு கயிற்றை எறியுங்கள்.

இப்படிக்கு,
மின் இணைப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு