விளையாட்டு மாணவர் படிவத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சேர்க்கை நடக்கிறது. சர்டிபிகேட் பைலோடு பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். யாருக்கு சீட் கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறோம். சேர்ந்த பிறகு மூன்று வருடம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்ததா, பரீட்சை எழுதியதா, விதிப்படிதான் மைதானத்தில் இறக்கப்பட்டதா என்று பார்ப்பது யார் வேலை என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நான் இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். சில வருடங்கள் விளையாட்டுக் குழுவிலும் இருந்தேன். பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்பும் ஒவ்வொரு மாணவருக்கும் தகுதிப் படிவம் உண்டு. முழுநேரம் படிக்கிறாரா, வேறு எங்காவது வேலையில் இருக்கிறாரா, வயது வரம்புக்குள் வருகிறாரா என்று சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், பி.டி. சார் ஒரு கட்டுப் படிவத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கு வருவார், ‘நாளைக்கு என்ட்ரி கடைசி நாள் சார்’ என்பார், நாங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட பையன்களில் ஒருவன் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த கபடி வீரன். மூன்றாம் வருடம் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதமே ஹாஸ்டல் சலுகை நின்றது. மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான், பதினான்கு அரியர். ஆனால் ரெக்கார்டில் அட்டெண்டன்ஸ் குறைவே இல்லை, எல்லாம் ஓ.டி., அதாவது கல்லூரிக்காக ஆடப் போனான் என்று வராத நாளுக்கும் போட்டுக் கொடுக்கும் ‘ஆன் டியூட்டி’ வருகை. அன்று இரவு உட்கார்ந்து ஓ.டி. தேதிகளைப் போட்டி அட்டவணையோடு ஒப்பிட்டேன். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் பல்கலைக்கழகப் போட்டி எங்குமே நடக்கவில்லை. நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் நடத்திய டோர்னமென்டுகளில் அவனை ஆட வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்பீட்டை நான் முதல் வருடமே செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை. அவன் டிகிரி முடிக்கவில்லை.

பி.டி. சாரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கப் வரவில்லையென்றால் கரெஸ்பாண்டென்ட் முதலில் கேட்பது அவரைத்தான். கப் வாங்கித் தர வேண்டியவரே விதி மீறல் இல்லையென்று சான்றும் தர வேண்டும் என்றால் அவர்தான் என்ன செய்வார்?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் உறுப்பினர்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பேராசிரியப் பிரதிநிதியை நியமித்தாக வேண்டும், அவர் ஆசிரியர் தகுதியில் இருப்பவராக இருக்க வேண்டும், விளையாட்டுத் துறையில் பயிற்சியாளராகவோ நிர்வாகியாகவோ இருக்கக் கூடாது. மாணவரின் படிப்பும் நலனும் விதிகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

ஆள் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே விதிக்கு உட்பட்ட வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை பதினெட்டு வருடம் பெயரளவு வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் வரமாட்டார், பாடம் கிடையாது, கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அதையும் பெரும்பாலும் திருத்தி மதிப்பெண் போட்டது துறை அலுவலகத்தில் இருந்த ஒரு ஊழியர். 3,100 மாணவர்களுக்கு மேல் அப்படிப் படித்ததாக 2014-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது, அதில் ஏறக்குறைய பாதி விளையாட்டு மாணவர்கள். 2017-இல் என்.சி.ஏ.ஏ. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்கவில்லை, வகுப்புகள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்பதால் தன் விதியில் இடமில்லை என்று விட்டுவிட்டது. பேராசிரியர்கள் நிறைந்த இடத்தில்தான் இதெல்லாம் நடந்தது. பதவி இருந்தது, மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்து ஏன் என்று கேட்பவர் இல்லை.

அதனால் நம் ஊரில் இதைச் செய்வதாக இருந்தால் பெயருக்குச் செய்ய வேண்டாம். அந்த ஆசிரியர் அணியோடு மேனேஜராக வெளியூர் போகிறவராக இருக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று பீரியட் குறைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரும் என்னைப் போல ஸ்டாஃப் ரூமில் நின்றபடி கையெழுத்துப் போடுவார். ஓ.டி. லெட்டரைப் போட்டி அட்டவணையோடு வைத்துப் பார்க்கவும், தவறு என்றால் படிவத்தை நிறுத்தி வைக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். அவருடைய அறிக்கையின் நகல் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் கல்லூரிக்குள்ளேயே நின்றுவிடும் அறிக்கை எந்த மேசை டிராயருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் முக்கியமானது, மாதம் ஒரு தடவையாவது பி.டி. சார் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை அரியர், சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதா, அடிபட்டால் செலவு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் தகுதிப் படிவத்தில் விளையாட்டுத் துறையைச் சேராத ஓர் ஆசிரியரின் கையெழுத்தையும், அதற்குக் கீழே அந்த மாணவரின் அரியர் எண்ணிக்கையையும் கட்டாயமாக்க வேண்டும். இந்த வருட அணித் தேர்வு தொடங்குவதற்குள் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
பெரம்பூர், சென்னை