இந்த ஆண்டுச் சுற்றுலா நாகப்பட்டினத்துக்கு: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் வட்டாரப் பள்ளிகளில் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு தொடங்கும் காலம் இது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இந்த முறை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நாகப்பட்டினத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பேருந்தில் அல்லாமல் இரயிலில் அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவு அங்கே தங்கி, எல்லோரும் பார்க்கும் இடங்களோடு, எவரும் வண்டியை நிறுத்தாமல் கடந்துபோகும் இடங்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

நாகைப் பக்கம் நம் பள்ளிகள் போகாமல் இல்லை. ஆனால் போகும் விதம் நமக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து புறப்படும். பிள்ளைகள் விடியும்வரை பாட்டும் கூச்சலுமாக இருந்துவிட்டு, கடற்கரை வரும் நேரத்தில் தூங்கி வழிவார்கள். வேளாங்கண்ணியில் ஒரு மணி நேரம், நாகூரில் அரை மணி நேரம், வழியில் ஏதாவதொரு கோயில், பிறகு பூங்கா ஒன்று, கடைத்தெரு ஒன்று என்று ஓடி, மறுநாள் அதிகாலையில் வீடு வந்து சேர்வார்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இப்படியொரு பயணம் முடிந்த பின், நாகூரில் என்ன பார்த்தாய் என்று ஒரு மாணவனைக் கேட்டேன். செருப்பு விட்ட இடத்தைத் தேடியதுதான் நினைவிருக்கிறது என்றான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நாம் அவனுக்குக் கொடுத்த நேரத்தில் அதற்கு மேல் எதுவும் நினைவில் நிற்காது.

இதில் நமக்கே ஒரு பாடம் உண்டு. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிற பயணிகளில் பலர் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வளவுக்குள் ஒரு நடை நடந்து, பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். இரண்டாங்கட்டில் பெண்கள் உழைத்த உழைப்பையும், அந்த வீடு கட்டுவதற்காகக் கடல் கடந்து போனவர் ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருந்ததையும் கேட்கிறவர்கள் குறைவு. நம் ஊரை எப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறோமோ, அப்படித்தான் நம் பிள்ளைகளை நாகையைப் பார்க்கச் சொல்கிறோம்.

நாகை நமக்கு அயலூரும் அல்ல. நகரத்தார் மரபு தம் பூர்வீகத்தைக் காவிரிப்பூம்பட்டினத்தில் வைக்கிறது; அந்தச் சோழக் கடற்கரையில் அதற்குத் தெற்கே பெருந்துறையாக வளர்ந்த ஊர் நாகை. கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களைக் கொண்டுவிக்கப் போனவர்கள் என்று நம் ஆச்சிமார் சொல்லுவார்களே, அவர்களில் மலேயாவுக்குப் போனவர்கள் பலர் நாகையில்தான் கப்பல் ஏறினார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயரை இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்கலாம். கப்பல் கரைக்கு வராது. ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பெட்டி படுக்கையோடு படகில் போய்ப் பக்கவாட்டு ஏணியில் ஏற வேண்டும். போன இடத்தில் அவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். பினாங்கில் உள்ள நகரத்தார் கோயில் 1857இல் எழுந்தது. அங்கே தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் ஓடுகிறது. நம் தெருவில் நிற்கிற வீடுகளின் கதை பாதி அந்தக் கடற்கரையில் கிடக்கிறது என்பதை, அந்த மணலில் நின்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இரயிலை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் செலவு மட்டுமன்று. காரைக்குடி–திருவாரூர் பாதை அகலப்பாதையாகி 2019 முதல் வண்டி ஓடுகிறது. கண்டனூர்–புதுவயலைத் தாண்டியதும் வறண்ட கண்மாய்க்கரைகள், பிறகு அறந்தாங்கி, பேராவூரணியில் தென்னந்தோப்புகள், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் உப்பளமும் அலையாத்திக் காடும் சார்ந்த நிலம், திருத்துறைப்பூண்டிக்கு மேல் டெல்டா வயல்கள் என்று, ஓர் ஆண்டு முழுவதும் புவியியல் வகுப்பில் வரைபடத்தில் காட்டியும் புரியாத நிலமாற்றத்தைப் பிள்ளைகள் சன்னல் வழியாகவே பார்த்துவிடுவார்கள். திருவாரூரில் வண்டி மாறினால் நாகைக்குக் குறைந்த தூரமே. அந்த நாகை நிலையத்தில் இறங்கியதும் ஒரு கால்மணி நேரம் நின்று பேசுங்கள். தென்னிந்திய இரயில்வேயின் பழைய வேர்களில் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குப் போட்ட பாதை 1860களின் தொடக்கத்தில் முடிந்தது. நாகையில் இருந்த இரயில்வே பணிமனை 1920களின் இறுதியில் திருச்சிப் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது அந்த ஊர் இழந்த வேலைகளைப் பற்றிச் சொன்னால், ஒரு துறைமுகம் எப்படி ஓய்ந்துபோகிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

காயாரோகணேசுவரர் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். நீலாயதாட்சி அம்மன் பெயரால்தான் ஊரார் அந்தக் கோயிலைச் சொல்வார்கள். தேவார மூவரும் பாடிய தலம் அது. சுந்தரர் அங்கே இறைவனிடம் கேட்பவை கத்தூரியும் சாந்தும் பட்டாடையும் காற்றைப்போல் விரையும் குதிரையும். கடல் வழியே வந்திறங்கிய சரக்குகளின் வாசம் அடிக்கும் வேண்டுதல் அது. ஒரு துறைமுகத்தின் கடைத்தெருவை நேரில் கண்டவர்தான் அப்படிக் கேட்டிருக்க முடியும் என்று நான் எப்போதும் எண்ணுவேன். தியாகராசர் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நடனம் ஆடும் ஏழு விடங்கத் தலங்களில் அக்கோயிலும் ஒன்றாக இருப்பதால், அங்குள்ள தியாகராசரின் ஆட்டத்துக்குப் பாராவாரதரங்க நடனம் என்று பெயர். கடலலை எழுந்து விழுவதுபோல ஆடும் ஆட்டம். திருவாரூரில் மூச்சின் அசைவைப்போன்ற அசபா நடனமாக இருப்பது, கடற்கரை வந்ததும் அலையின் ஆட்டமாகிவிடுகிறது. இதை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் போதும், ஊருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை அது வாழ்நாள் முழுவதும் தேடும். இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டுகளில் ஸ்ரீவிசய அரசின் ஆட்கள் இங்கே பொன்னும் அணிகலன்களும் அளித்த செய்தி இருக்கிறது. சுமத்திராவிலிருந்து ஒரு பௌத்த அரசன் நாகைச் சிவனுக்குக் கொடை அனுப்பியிருக்கிறான்.

அந்த ஸ்ரீவிசய அரச மரபினர்தான் முதலாம் இராசராசன் காலத்தில் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார்கள். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்குரிய நிலக்கொடையாகக் கொடுத்து, அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தார்கள். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்ற பெயர் நிலைத்தது. விகாரத்தின் எச்சம் என்று கருதப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றது. 1867இல் அதை இடித்தார்கள். மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 350 புத்தர் செப்புத் திருமேனிகளில் பல இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே நாகையில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அங்கே கட்டடம் இல்லை. இல்லாததையும் காட்டுங்கள். இங்கே இருந்தது, இன்று இல்லை என்று சொல்லிவிட்டு, நம் ஊரில் மாதந்தோறும் இடிபட்டுத் தூணாகவும் கதவாகவும் விற்பனைக்குப் போகும் வீடுகளை அவர்கள் தாமே நினைத்துக்கொள்ள விட்டுவிடுங்கள்.

நாகூர் தர்காவுக்கு மாலை நேரத்தில் போவது நல்லது. ஐந்து மனாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து அரசர் ஏன் கட்டினார் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கட்டும். அங்கே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவரைக் கடலோடிகள் தங்கள் காவலராகக் கொண்டாடினார்கள். அக்கரைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரில் நினைவிடம் எழுப்பினார்கள். சிங்கப்பூரில் இருப்பது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. செட்டியார் போன கப்பலில்தான் மரைக்காயரும் போனார், கூலி வேலைக்கு ஒப்பந்தமானவரும் போனார். ஒருவர் முருகனை எடுத்துச் சென்றார், ஒருவர் நாகூர் ஆண்டவரை எடுத்துச் சென்றார். தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். புறாக்களுக்குத் தானியம் விற்பவர், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு மொட்டையடிக்க வந்த குடும்பம், தம்ரூட் என்ற இனிப்பை அடுக்கிய கடை, இறால் வைத்து எண்ணெயில் போடும் வாடாவின் மணம், இவையெல்லாம் எந்த வழிகாட்டிப் பலகையிலும் இருக்காது.

மறுநாள் விடியலில் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகம். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்புவது கடினம்தான்; ஆனால் அந்தப் பயணம் முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்காத நேரம் அதுதான். விசைப்படகுகள் கரை அணைந்ததும் கூடை கூடையாக மீன் இறங்கும். சங்கரா ஒரு குவியல், கணவாய் ஒரு குவியல் என்று தரையில் பிரித்துக் கொட்டுவார்கள். ஏலம் விடுபவரின் குரலுக்கும் வாங்குபவரின் தலையசைப்புக்கும் இடையே விலை முடிந்துவிடும். ஐஸ் உடைக்கும் சத்தம், நழுவும் தரை, தலையில் சும்மாட்டோடு நிற்கும் பெண்கள். காரைக்குடிச் சந்தையில் நாம் பேரம் பேசும் மீன் எத்தனை கை மாறி வருகிறது என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றால் கணக்குப் பாடமாகவே சொல்லிவிடலாம். அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இந்த ஊர் நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். வறுமை வந்து, நாளுக்கு ஒரு மீன் மட்டுமே கிடைத்த காலத்திலும் அதையே விட்டார். பொன்மீன் அகப்பட்ட நாளிலும் அதை விட்டார். ஆவணி மாதத்தில் அவர் நினைவாக நாகைக் கடற்கரையில் பொன்மீன் விடும் விழா இன்றும் நடக்கிறது. பெரிய கோயில்களின் கூட்டத்தில் இதை அறிந்தவர் நம் பக்கம் மிகக் குறைவு.

அந்தத் துறைமுகத்தில் நிற்கும்போது 2004 டிசம்பர் 26ஐச் சொல்லாமல் வரக் கூடாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் இறந்தார்கள். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. உறவைப் பறிகொடுத்தவர்கள் அதே கரையில் இன்றும் வலை பின்னுகிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள் பேசினால் மரியாதையோடு பேச வேண்டும், அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள்.

வேளாங்கண்ணிக்குப் போகாமல் திரும்ப எவருக்கும் மனம் வராது, போக வேண்டியதுதான். சிக்கலில் சிங்காரவேலரையும் கும்பிட்டுவிட்டு வரலாம். பழனிக்கு நடந்து போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த முருகனை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. தரங்கம்பாடியை மட்டும் தயவுசெய்து இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையும், 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட வரலாறும் தனியாக ஒரு நாளைக் கேட்பவை. அடுத்த ஆண்டு அதற்கென்றே போங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் எழுப்பும் கேள்விகளை நான் அறிவேன். கொடுக்கிற காசுக்கு நாலு இடம் பார்க்கட்டுமே என்பார்கள். சாதாரண இரயில் கட்டணத்தில் மிச்சமாகும் பணம் ஓர் இரவு தங்கும் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டும் என்பதை அவர்களுக்கு எழுதிக் கணக்குக் காட்டுங்கள். பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. எனவே கடலில் குளிக்க விடவே கூடாது என்பதை விதியாக வையுங்கள். கால் நனைப்பதும் ஆசிரியர் வரிசையாக நிற்கும் இடத்தில் மட்டும் போதும். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தையும் கழிப்பறையையும் ஆசிரியை ஒருவர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. தை, மாசி ஏற்றவை. ஆவணியில் பொன்மீன் விழாவை ஒட்டிப் போக முடிந்தால் அதைவிடச் சிறப்பு.

புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலோ தெருவிலோ அக்கரைக்குப் போய்வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம், போனவர் எந்தத் துறையில் கப்பல் ஏறினார், எதைக் கொண்டு போனார், எதைக் கொண்டு வந்தார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் செய்யுங்கள். அந்தத் தாள்களை நாகைக்கு எடுத்துச் செல்லுங்கள். பயணத் திட்டம் வகுக்கவும், உடன்வரும் ஆசிரியர்களுக்கு இந்த இடங்களைப் பற்றி முன்கூட்டியே எடுத்துச் சொல்லவும் எந்தப் பள்ளி அழைத்தாலும் நான் வருவேன். அதற்குக் கட்டணமோ மரியாதையோ வேண்டாம். உங்கள் கழகக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை மாணவர்களுக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தேவகோட்டை.