மாவிளக்கு அன்று உங்கள் வீட்டு வாசலில்

தாராபுரம் பக்கம்,
சித்திரை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தை மாதம் நீ எழுதியதற்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். அது என் தப்புதான். போனில் பேசியிருக்கலாம் என்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. காங்கேயத்தில் தண்டவாளம் வாத்தியாரைப் பார்த்தேன். பச்சை சைக்கிளை வாய்க்காலில் விட்டது நீதான் என்று அவரே சாட்சி சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷ வழக்கு முடிந்தது, இனி நீ வாயைத் திறக்கக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நம்ம ஊர் மாரியம்மன் நோம்பி முடிந்தது. பூச்சாட்டுக்கு முன்னால் வழக்கம்போலக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கம்பம் வெட்டுவது, மைக்செட், கொட்டுக்காரர் கூலி எல்லாம் பேசி முடித்து எழப்போகிற நேரத்தில் ஒரு பையன் சொன்னான்: “இந்த வருஷம் ராவுத்தர் வீட்டுத் தட்டு வேண்டாங்க. நம்ம பிரசாதத்த வாயில வைக்காதவங்க குடுக்கற தட்டு நமக்கு எதுக்குங்க?”

உன் தாத்தா காலத்திலிருந்து வருகிற தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் துணி, நூற்றியொரு ரூபாய். மாவிளக்கு ஊர்வலம் பள்ளிவாசல் சந்துக்கு வரும்போது உங்கள் வாசலில் வாங்கிக்கொண்டுதான் மேலே நகரும். அதை வேண்டாம் என்கிறான். பதில் சொல்ல ஆளில்லை. நானும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்த்தேன். திரும்பிப் பார்த்தால், பெரியவர்கள் உட்காருகிற அந்தத் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி பேச வேண்டியது நான், நானோ பேசவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, மாப்பிள்ளை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோவையில் நாம் தங்கியிருந்த லைன் வீடுதான் கண்ணுக்குள் நின்றது. 1997 நவம்பர் கடைசியில் கோவையில் ஒரு கான்ஸ்டபிளைக் குத்திக் கொன்றார்கள், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். அப்புறம் 1998 பிப்ரவரி 14. அந்தத் தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர். நீ நாலு நாள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, “யாரு வந்து கேட்டாலும் என் தம்பி மகன்னு சொல்லிப்போடறேன். நீ பேசாம இரு கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வீட்டு டீச்சரக்கா தூக்குப்போசியில் ரசம் சோறு கொண்டு வருவார், கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆடும். அந்த இரண்டு பெண்களும் ஊருக்குப் பயந்தவர்கள்தான். பயத்தோடுதான் செய்தார்கள். எனக்கு இந்தக் கூட்டத்தில் என்ன பயம் இருந்தது? ஒரு பையன் முகம் சுளிப்பான், அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் உன் சின்னத்தாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியும் கடையைத் தானே திறக்கிறார். விஷயம் அவர் காதுக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. உங்கள் பக்கத்திலும் ஒரு பையன் அதே வாரம் ஜமாத்தில் எழுந்து, கோயிலுக்குத் தட்டு கொடுப்பது மார்க்கத்தில் கூடாது என்று சொல்லியிருக்கிறான். “ரெண்டு பக்கமும் ஒரே வாரத்துல கதவச் சாத்தறாங்க கண்ணு, நடுவுல சந்துல நானு நிக்கறேன்” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப யோசித்தேன். உங்கள் பையன் சொல்வதை எடுத்தவுடன் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் மனசுக்கு ஒவ்வாததைச் செய்தால்தான் என்னோடு ஒற்றுமை என்று நான் சொன்னால் அது என்ன ஒற்றுமை? உன் அத்தா நாற்பது வருஷம் நம்ம ஊர்ப் பொங்கலை வாங்கிக்கொண்டார், ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. கடைக்கு வருகிற கூலிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அது எங்கள் அப்பாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், ஒருத்தரும் மனத்தாங்கல் கொண்டதில்லை. எங்கள் அப்பாவும் பள்ளிவாசல் படியேறியதில்லை. ஆனால் வருஷா வருஷம் நோன்புக் கஞ்சிக்கு ஒரு வள்ளம் அரிசி அளந்து அனுப்புவார். உன் தாத்தா சொல்வாரே, “உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்” என்ற குர்ஆன் வசனத்தை. அது விலகிப் போகச் சொல்லும் வார்த்தை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் நிம்மதியாக இருப்பதற்கான வார்த்தை என்று இப்போதுதான் தெரிகிறது.

பாரேன், நம்ம பக்கம் வார்த்தைகூட ஒன்றுதான். மாரியம்மன் நோம்பி, தீபாவளி நோம்பி, உங்கள் வீட்டில் ரம்ஜான் நோன்பு. என் அம்மாவுக்கு இன்றைக்கும் எல்லாமே நோம்பிதான்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு விஜயமங்கலம் போனேன். அவள் தமிழ் வாத்தியார் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம். நெட்டைக் கோபுரம் என்று நாம் பஸ்ஸிலிருந்து காட்டிக்கொண்டு போவோமே, அதேதான். அது சமணர் கோயில், எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்கு எடுத்தது. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையைச் செய்வித்த சாமுண்டராயரின் தங்கை வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிர்விட்டதற்கு அங்கே கல்வெட்டு இருக்கிறது. நமக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த நன்னூல்கூடப் பவணந்தி என்ற சமண முனிவர் எழுதியதுதானே. நாம் பள்ளிச் சுற்றுலாவில் திருமூர்த்திமலை போய் அருவியில் குளித்துவிட்டுக் கும்பிட்டு வந்த சாமியின் பெயர் அமணலிங்கேசுவரர். அந்தப் பெயருக்குள்ளேயே அமணர், அதாவது சமணர், இருக்கிறார், அன்றைக்கு நமக்கு அது உறைக்கவே இல்லை.

கோயிலுக்குள் எங்களைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. தூணில் கை வைத்தால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. மகள் கேட்டாள்: “இவங்களெல்லாம் எங்கப்பா போனாங்க?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு ஊரில் பூசைக்கும் பாடத்துக்கும் ஆள் நிறைந்திருந்த இடம் இப்படி ஆவது ஒரே நாளில் நடந்திருக்காது என்று மட்டும் தோன்றியது. முதலில் ஒரு வழக்கம் நின்றிருக்கும், அப்புறம் ஒரு போக்குவரத்து. நின்றதைக் கவனித்தவர்கள் அன்றைக்கும் டீ கிளாஸ் பிடித்த மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது கூட்டத்தில் பேசினேன். முதலில் சேலத்துக் கதையைச் சொன்னேன். 1882இல் கோயில் ஊர்வலம் போகிற வழியில் பள்ளிவாசல் கட்டிய தகராறு பெரும் கலவரமாகி முடிந்தது. தூண்டிவிட்டார் என்று நகராட்சி உறுப்பினராக இருந்த விஜயராகவாச்சாரியார் மேல் வழக்குப் போட்டு வெள்ளைக்காரன் பத்து வருஷம் தண்டனை கொடுத்தான். மேல்முறையீட்டில் விடுதலையாகி வந்து, 1920இல் நாகபுரி காங்கிரசுக்கே தலைவரானார். அவர் மீண்டு வந்தார், செத்தவர்கள் வரவில்லை. ஊர்வலம், கொட்டு, ஒரு சந்து, அவ்வளவுதான் அங்கேயும். நம்ம ஊரில் அதே சந்தும் அதே கொட்டும்தான் இருக்கின்றன. பாங்கு சொன்னால் கொட்டு தானாக நிற்கிறது, எந்தத் தாசில்தாரும் உத்தரவு போடவில்லை.

அப்புறம் நம்ம திருப்பூர் ரோட்டுப் படியூர்ப் பக்கத்தைச் சொன்னேன். 2024 மே மாதம் ஒட்டபாளையத்தில் விநாயகர் கோயிலுக்கு முஸ்லிம்கள் 3 சென்ட் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கும்பாபிஷேகத்துக்குச் சீர்வரிசையோடு நடந்து வந்தார்கள். கோவையில் 2022 தீபாவளிக்கு முந்தின நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. பழைய கோவையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜமாத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கே போய்க் குருக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கோனியம்மன் தேருக்கு ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன்னால் நின்று தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். தேங்காய் உடைக்க வேண்டியதில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க எந்த மார்க்கமும் தடுக்காது.

அந்தப் பையன் எழுந்தான். “அப்ப தட்டு வேண்டாம், தண்ணி குடுக்கட்டும்ங்கறீங்களா?” என்றான். “அவர்கள் எதைக் கொடுக்க முடியும் என்று அவர்கள் சொல்லட்டும், எதுவானாலும் அந்த வாசலில் நிற்காமல் ஊர்வலம் போகாது” என்றேன். தூண் ஓரத்தில் கனைப்புச் சத்தம் கேட்டது, ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டினார்கள். சின்னத்தாவிடம் போய்ச் சொன்னதும் அவர் இரண்டே வார்த்தை சொன்னார்: “மோர் குடுக்கறோம்.”

புதன்கிழமை சாயங்காலம் நீ இருந்திருக்க வேண்டும். உங்கள் வாசலில் வேப்பிலைப் பந்தல், அதன் அடியில் உங்கள் வீட்டுப் பெரிய பித்தளை அண்டா, அதே நெளிவு விழுந்த அண்டா. மோரில் இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை. பெண்டுகள் மாவிளக்குத் தட்டோடு வந்து சேரும்போது மக்ரிப் பாங்கு கேட்டது. கொட்டுக்காரர் கையை உயர்த்தினார், கொட்டு நின்றது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் கொலுசும் தட்டுகள் உரசுவதும் மட்டும் கேட்டன. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எல்லோரும் மோர் குடித்தார்கள்.

என் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்புப் பத்தாது” என்றாள். என்ன செய்தாள் தெரியுமா? யாரையும் கேட்கவில்லை. தட்டை என் மகள் கையில் கொடுத்துவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் மூன்றாவது பலகையில் பின்வரிசையில் இருக்கிற ஜாடியிலிருந்து ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்து அண்டாவில் போட்டுக் கலக்கினாள். உன் சின்னம்மா சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். “அப்பத்தாவுக்கு எப்படி உப்பு இருக்கற இடம் தெரியும்?” என்பது மாதிரி. அங்கேதான் எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. என் அம்மாவுக்கு உங்கள் அடுப்படி தெரியும். எனக்கு உங்கள் பரண் தெரியும், அதில் நாம் ஒளித்து வைத்த பம்பரம்கூட இன்னும் அங்கேதான் இருக்கும். என் மகளுக்கு உங்கள் வாசல்படி வரைக்கும்தான் தெரியும். உன் மகனுக்கு எங்கள் வீட்டில் எது தெரியும்? அவனை நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மூன்று வயது. தட்டு போனாலும் வேறொன்று வந்துவிடும் மாப்பிள்ளை. அடுப்படி தெரியாமல் போய்விட்டால் மேடையில் எத்தனை பேர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது ஒட்டாது. கூட்டத்தில் எழுந்த அந்த இரண்டு பையன்களும் ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் கால் வைத்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அவர்கள் இரண்டு பேரும் இன்னும் இறங்கி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பையன் மோரை வாங்காமல் அண்டாவைத் தாண்டிப் போனான். உங்கள் பையன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான், கீழே வரவில்லை. நம்மவனோடு பேசுகிறேன். அவன் கெட்டவன் இல்லை, ரத்ததானம் என்றால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். உங்களவனோடு நீ போனில் ஒரு முறை பேசு. அவனை அதட்டாதே, அவன் படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேள்.

இப்போது நான் கேட்பது இது. மே மாதம் பள்ளி விடுமுறையில் என் மகளை உங்கள் வீட்டுக்கு இரண்டு வாரம் அனுப்புகிறேன். தங்கச்சியிடம் கேட்டுவிட்டு எழுது. அவளுக்குப் பாகற்காய் ஆகாது, வேறு எதுவும் சாப்பிடுவாள், அடுப்படியில் வேலை சொன்னால் முகம் சுளிக்க மாட்டாள். உன் மகனை இங்கே அனுப்பு. திருச்சியில் காலை பஸ் ஏற்றி விட்டால் போதும், தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லு. வாய்க்காலில் இப்போது தண்ணீர் இல்லை.

இப்படிக்கு,
உன் மாமன்