மட்டியை ஒழிக்குமுன் சிப்பியை எண்ணுங்கள்

ஏரிகளைப் பராமரிக்கும் ஆணையங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஏரியில் ஆசிய மட்டி என்ற, வேற்றிடத்திலிருந்து வந்த சிறு ஓட்டுயிரி புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் அதை உடனே ஒழித்துவிட வேண்டும் என்ற அவசரம் எழுவது இயல்பே. ஆனால் ஏரிக்கே உரிய நாட்டுச் சிப்பிகளைக் காப்பதற்காகத் தொடங்கும் அந்த வேலையில் அவையே முதலில் மடிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

மட்டிக்கும் நாட்டுச் சிப்பிக்கும் இடையே நடப்பது சமமான போட்டி அன்று. கார்பிகுலா ஃப்ளுமினியா என்ற இந்த மட்டி, துணையின்றித் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும் என்பதால், ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடலாம். குஞ்சுகளைத் தன் செவுளுக்குள்ளேயே வளர்த்து, மணல் துகள் அளவில் நீரில் விடுகிறது. நாட்டுச் சிப்பியின் லார்வாவோ பெரும்பாலும் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில வாரங்கள் ஒட்டியிருந்தால்தான் பிழைக்கும். உரிய மீன் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. மட்டி சில ஆண்டுகளே வாழும். சிப்பிகளில் பல இனங்கள் பல பத்தாண்டுகளும், நன்னீர் முத்துச்சிப்பி நூறாண்டுக்கு மேலும் வாழும். மெல்ல வளரும் இத்தகைய உயிர் ஒன்றை இழந்தால், அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும்.

இரண்டும் நீரிலுள்ள பாசித் துகள்களை வடிகட்டி உண்பவை. மட்டி அதோடு நில்லாமல், காலை நீட்டிச் சேற்றிலுள்ள சத்தையும் எடுத்துக்கொள்கிறது. இளம் சிப்பிகள் புதைந்து உண்பதும் அதே சேற்றில்தான். வெப்பமும் ஆக்சிஜன் குறைவும் சேரும் நாட்களில் மட்டிகள் கூட்டமாக மடிந்து அழுகும்போது வெளிப்படும் அம்மோனியாவை இளம் சிப்பிகளால் தாங்க முடியாது. செத்தும் கெடுக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். (தன் தாயகமான கிழக்கு ஆசிய நீர்நிலைகளில் இது யாருக்கும் பகையன்று, கொண்டுபோய்ச் சேர்த்தது மனிதர்கள்தான்.)

அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 2002-இலும், நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 2010-இலும் இம்மட்டி கண்டறியப்பட்டது. இரண்டிலும் ஏரித்தரையின் மீது விரிப்புகளைப் பரப்பி, ஆக்சிஜன் கிடைக்காமல் மட்டிகளைச் சாகடித்தார்கள். டாஹோவின் எமரால்டு விரிகுடாவில் மட்டும் 2012-இல் சுமார் 5 ஏக்கர் மூடப்பட்டது. விரித்த இடத்தில் மட்டிகள் பெருமளவு மடிந்தாலும் இரண்டு ஏரிகளிலும் மட்டி இன்னும் இருக்கிறது. விரிப்புக்கு மட்டி எது, சிப்பி எது என்று தெரியாது. செம்பு கலந்த மருந்துகளுக்கும் தெரியாது.

எனவே விரிப்போ மருந்தோ இடுவதற்கு முன், முக்குளிப்போரை இறக்கி அங்குள்ள நாட்டுச் சிப்பிகளை இனம்வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். சிப்பிகள் இருந்தால், அவற்றின் ஓடுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மட்டிக் குஞ்சு ஒட்டியிருக்கவில்லை என்று உறுதிசெய்யும்வரை தனித் தொட்டியில் வைத்திருந்து, பிறகே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். தன்னார்வலர்களைக் கூட்டி மட்டி பொறுக்கும் நிகழ்ச்சிகளை, அடையாளம் காணப் பயிற்சி அளிக்காமல் நடத்தாதீர்கள். ஆசிய மட்டியின் ஓட்டில் நகத்தால் வருடினாலே தட்டுப்படும் சீரான வரப்புகள் இருக்கும். ஓட்டைத் திறந்தால் கீல் பக்கத்து நீண்ட பற்கள் ரம்பம்போல் நுண்ணிதாக வெட்டுப்பட்டிருக்கும். சிறிய நாட்டுச் சிப்பியை இதனோடு குழப்பிக்கொள்வது மிக எளிது.

இவற்றைவிடச் செலவு குறைந்த வேலை படகுத்துறையில் இருக்கிறது. வேறு நீர்நிலையிலிருந்து வரும் ஒவ்வொரு படகின் அடித்தேக்க நீரையும் தூண்டில் வாளி நீரையும் கரையிலேயே வடித்து, சேற்றைக் கழுவி, முழுக்க உலர்ந்த பின்னரே ஏரியில் இறக்க அனுமதியுங்கள். மட்டி இன்னும் எட்டாத ஏரிகளின் பொறுப்பாளர்கள் இந்தப் பருவத்திலேயே அதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்னீர்ச் சிப்பிகளில் அக்கறை கொண்ட ஒருவர்