ஆக்ஸலாட்டல் வாங்கும் முன் சில்லருக்குக் காசு சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் சிறுவர் இணைப்பில் ஆக்ஸலாட்டல் என்கிற நீர்ப்பிராணி பற்றி வந்த அரைப்பக்கத்தைப் படித்தேன். படம் அழகு. இளஞ்சிவப்பு உடம்பு, தலைக்கு இரண்டு பக்கமும் இறகு இறகாகச் செவுள், எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய், கால் அறுந்தால் திரும்ப முளைக்கும் என்கிற அதிசயம், எல்லாம் சரிதான். கடைசியில் ‘வீட்டிலேயே எளிதாக வளர்க்கலாம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பல வருடமாக வண்ண மீனும் இப்போது ஆக்ஸலாட்டலும் வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், குமரி மாவட்டத்தில் இது எளிது இல்லை. முடியும், ஆனால் செலவு உண்டு, பொறுமையும் வேண்டும்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021-இல் இதைச் சேர்த்த பிறகு பிள்ளைகள் விடுவதாக இல்லை. அப்பாமாரும் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர் ஒரு உருண்டைக் கண்ணாடி ஜாடி, ஒரு கிலோ கலர்க் கூழாங்கல், ஒரு பொட்டலம் மீன் தீனி எல்லாம் சேர்த்துத் தலையில் கட்டி அனுப்பிவிடுகிறார். நம் மாவட்டத்துக் கடை ஒன்றில் நானே பார்த்தேன், விற்பனைக்கு வைத்திருந்த ஆக்ஸலாட்டலை கப்பி மீன்களோடு ஒரே தொட்டியில் போட்டிருந்தார்கள், செவுளின் நுனியெல்லாம் மீன் கடித்துக் குட்டையாகிக் கிடந்தது. கேட்டால் ‘இந்த வெரைட்டியே இப்படித்தான் சார்’ என்கிறார்!

முதலில் சூட்டைப் பற்றிப் பேசுவோம், மற்றதெல்லாம் அப்புறம். இது மீன் இல்லை, தவளைக்குச் சொந்தமான, வால் உள்ள சாலமண்டர் வகை. மற்ற சாலமண்டர்கள் பலவும் வளர்ந்ததும் செவுளை உதிர்த்துக் கரையேறும், இதுவோ ஆயுள் முழுக்க அந்தக் குழந்தைப் பருவத்துச் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. சொந்த ஊர் மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே சொச்சிமில்கோ வாய்க்கால்கள். மெக்சிகோ என்றதும் வெயில் நாடு என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டி எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. அதனால் இதற்கு 16 முதல் 18 டிகிரி வரை உள்ள தண்ணீர்தான் சுகம், 20 வரை பரவாயில்லை, 24-ஐத் தாண்டினால் தீனியை விட்டுவிடும், செவுளில் பூஞ்சை பிடிக்கும், அப்படியே விட்டால் செத்துப்போகும்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக்குள் வைத்திருக்கிற ஒரு வாளித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலை விடுங்கள், ஆனி ஆடிச் சாரலிலேயே 26, 27 காட்டும். மொட்டை மாடி டேங்க் தண்ணீரை மதியம் பிடித்தால் கை சுடும். மலை மேல் மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் வீடு இருந்தால் ஒருவேளை பிழைத்துக்கொள்ளலாம், நமக்கெல்லாம் அது நடக்காது. ‘ஃபேன் வைத்தால் போதும்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. தண்ணீர் ஆவியாவதால்தான் ஃபேன் குளிர்விக்கிறது, நல்ல வறண்ட ஊரில் அதனால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம், நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஐஸ் பாட்டில் போட்டால் தண்ணீர் ஒரு மணி நேரம் குளிர்ந்து பிறகு திரும்ப ஏறும், அந்த ஏற்ற இறக்கமே அதற்கு ஆகாது. ஆக, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் மெஷின் ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் விலை அந்த ஜீவனின் விலையைவிடப் பல மடங்கு. இதைத்தான் கடையில் சொல்வதில்லை.

சில்லர் வைப்பதிலும் சில சங்கதி இருக்கிறது. அது தண்ணீரில் இருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் ஊதும், அதனால் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டிலேயே அது திணறும், காற்றோட்டமாக வெளியே வையுங்கள். இன்னொன்று எந்த வீடியோவிலும் சொல்லிக் கேட்டதில்லை: 18 டிகிரித் தண்ணீர் உள்ள கண்ணாடி நம் ஊர்க் காற்றில் நாள் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நீர் வடிந்து பிளைவுட் ஸ்டாண்டு ஊதிப்போகும், பின்பக்கம் உள்ள பிளக் பாயின்டில் இறங்கினால் அது வேறு ஆபத்து. மீன் சந்தையில் தூக்கிப் போடுகிற தெர்மோகோல் பெட்டிகளை நன்றாகக் கழுவி, வெட்டி, தொட்டியின் அடியிலும் பின்பக்கத்திலும் இரண்டு ஓரத்திலும் ஒட்டிவிட்டால் அந்தப் பக்கங்களில் வியர்ப்பது நிற்கும், கரண்ட் பில்லும் குறையும். முன் கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி, வேறு வழியில்லை. ஸ்டாண்டு இரும்பாக இருக்கட்டும்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 125 லிட்டர் பிடிக்கும், அதில் ஒன்றோ இரண்டோ தாராளமாக வாழும். பெரிசாகும்போது முக்கால் அடிக்கு மேல் வளரும், பத்துப் பதினைந்து வருடம்கூட இருக்கும். ஜாடியில் எப்படி வைக்க முடியும்? மேலே மூடி வேண்டும், சில சமயம் துள்ளி வெளியே விழும். கண்ணுக்கு இமை கிடையாது, ஆகவே பளீரென்ற லைட் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் விட்டு வைத்தால் போதும், விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கக் கூடாது. ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி. சில்லருக்குப் போய்வருகிற தண்ணீரையும் கண்ணாடிச் சுவரில் மோதி வேகம் தணிகிற மாதிரி திருப்பிவிடுங்கள், ஓட்டம் அதிகமானால் இது சோர்ந்துபோகும்.

கூழாங்கல் கூடவே கூடாது. இது கடித்துத் தின்கிற ஜாதி இல்லை, வாயை லபக்கென்று திறந்து எதிரே உள்ளதைத் தண்ணீரோடு உறிஞ்சும், கூடவே கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். அடியில் ஒன்றுமே போடாமல் விடலாம், இல்லையென்றால் மிக நைசான மணல்.

தண்ணீர் தயாராவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், இதை யாரும் கேட்பதில்லை. கழிவில் இருந்து வருகிற அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அந்த அளவுக்கு மோசமில்லை, தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேறும்வரை தொட்டியில் உயிர் எதையும் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். நம் ஊர்ச் சூடு உதவுகிற ஒரே இடம் இதுதான், இந்த பாக்டீரியா 25 முதல் 30 டிகிரியில் வேகமாகப் பெருகும், அதனால் சில்லரை அப்போது போடவே வேண்டாம். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, சில்லரைப் போட்டு, 18-க்கு வந்த பிறகு கடைக்குப் போங்கள்.

பஞ்சாயத்துத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், குளோரின் நீக்கும் மருந்து கலக்காமல் ஊற்றினால் செவுள் வெந்துபோகும், ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும் சாகும். கிணறு இருக்கிற வீடுகளில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் மேற்கே செம்மண் பக்கத்தில் சில கிணறுகளில் பிஎச் குறைவாக, அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடுதலாக இருக்கும், இதற்கோ ஏழு, ஏழரை அளவில், கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். கழுவிய சிப்பி ஓடு ஒரு கை எடுத்துத் துணிப்பையில் இறுக்கிக் கட்டி ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டால் மெல்ல மெல்லச் சரியாகும்.

தீனிக்கு மண்புழுவை மிஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் எந்த மண்புழு? வாழைக்குக் குருணை மருந்து போட்ட விளையில் தோண்டி எடுத்தால் விஷத்தைக் கையால் ஊட்டுகிறோம் என்று அர்த்தம். மருந்தே காணாத இடத்தில் எடுத்து, கழுவி, ஈர நார்த்தூளில் ஒரு நாள் வைத்தால் வயிற்றில் உள்ள மண் கழிந்துவிடும். உரக்குழியில் வளர்க்கிற சிவப்புப் புழு எளிதாகக் கிடைக்கும்தான், ஆனால் அதைத் தொட்டாலே ஒரு மஞ்சள் நீரை விடும், அது கசக்கும் போலிருக்கிறது, ஆக்ஸலாட்டல் வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிட்டுத் தலையை ஆட்டும். சாயங்காலம் லைட்டை அணைத்துவிட்டு, முனை மழுங்கிய இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்து மூக்குக்கு முன்னால் லேசாக ஆட்டுங்கள். கண் பார்வை சுமார்தான், அசைவும் வாசனையும் எட்டினால் ஒரு நொடி அப்படியே உறைந்து நிற்கும், அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், புழு காணாமல் போயிருக்கும்.

குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, அவ்வளவு போதும். வயிறு தலையின் அகலத்தைத் தாண்டினால் தீனி அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். மூழ்குகிற பெல்லட்டும் உறைய வைத்த ரத்தப்புழுவும் இடையிடையே கொடுக்கலாம். கோழி, மாட்டிறைச்சி வேண்டாம், அந்தக் கொழுப்பு இதற்குச் செரிக்காது. சாளை மீன் துண்டு போட்டால் தண்ணீர் மேல் எண்ணெய் படர்ந்து மறுநாளே நாறும். உயிர் கப்பியைத் தீனியாக விட்டால் அதன் நோயும் சேர்ந்து வரும். தின்னாமல் கிடப்பதை அன்றைக்கே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே யோசியுங்கள். 2017 ஒக்கி புயலின்போது நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. இன்வெர்ட்டரில் சில்லர் நெடுநேரம் ஓடாது, ஏர் பம்ப் ஓடும், அதை நிற்க விடாதீர்கள், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு, அமோனியாவின் விஷமும் கூடுதல். மூடியை இறுக்கிய ஐஸ் பாட்டிலை மாற்றி மாற்றி மிதக்கவிடலாம், இந்த மாதிரி அவசரத்துக்கு மட்டும் அந்த வைத்தியம் சரி. செவுள் முன்பக்கம் வளைந்தாலோ வால் நுனி கொக்கி போலச் சுருண்டாலோ அது கஷ்டத்தில் இருக்கிறது, முதலில் சூட்டைப் பாருங்கள், பிறகு அமோனியா.

வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் கொண்டுபோய் விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, டேங்க் கிளீனர் மீனை அப்படித்தான் விடுகிறோம். சொச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்ட இந்த ஜீவன் 2014-இல் 36 ஆகக் குறைந்ததற்கு அசுத்தத் தண்ணீரோடு, வெளியில் இருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முக்கியக் காரணம். திலேப்பியா என்பது நம் குளங்களை நிரப்பியிருக்கிற அதே ஜிலேபிக் கெண்டைதான். நம் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை, அங்கே இதையும் கொண்டுபோய் விட வேண்டாம். வேற்றூர்ப் பிராணியின் தோலில் வருகிற பூஞ்சை நம் தவளைகளுக்கு ஒட்டினாலும் ஆபத்துதான்.

கடைசியாகச் சட்டம். அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் இருக்கிறது. 2022-இல் திருத்திய வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தப் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்பதற்கான தாளைக் கேளுங்கள், ‘அதெல்லாம் யாரும் கேட்கமாட்டாங்க’ என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். இந்தப் பதிவு விவரத்தையும் தண்ணீர்ச் சூட்டின் அளவையும் உங்கள் அடுத்த சிறுவர் இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
தக்கலை வாசகர் ஒருவர்